மேற்கெல்லை விட்டுப்போன உயில்

ஆஸ்பத்திரியில் நான் நாற்பத்தோரு நாள் கிடந்தேன். அதில் முக்கால்வாசி பக்கத்துக் கட்டில்காரன்மேல் பொறாமைப்படுவதிலேயே கழிந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் காய்ச்சல் எப்படி இருந்தது, கத்தி வைத்தபோது தெரிந்ததா, குளோரபாரம் கொடுத்தால் உயிர் எங்கே போகிறது என்றுதான் கேட்கிறார்கள். அதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் பொறாமையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது பொய்ப் பத்திரம். நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன்.

திருநெல்வேலியில் பத்திரம் பதிகிற ரிஜிஸ்டிரார் கச்சேரித் தாழ்வாரத்தில் இருபது வருஷமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறேன். பெயர் சங்கரலிங்கம். கிரயம், அடைமானம், பாகப்பிரிவினை, உயில் எதுவானாலும் நான் எழுதியதில் இதுவரை ஒரு வக்கீல் குறை கண்டதில்லை. இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு, அல்லது இருந்தது. யார் வீட்டு வாசலிலும் போய் நின்று ஒன்றும் கேட்டதில்லை. ஒரு துண்டுக் காகிதம், ஒரு வாய் வெற்றிலை, ஒரு கை சுண்ணாம்பு, எதுவும். அதை ஒரு விரதம் போலக் காத்துவந்தேன்.

அதே தாழ்வாரத்தில் எனக்கு அடுத்த பாய் ஆவுடையப்ப பிள்ளையுடையது. அவரும் பத்திர எழுத்தர். என்னிடம் வந்துகொண்டிருந்த கங்கைகொண்டான் பண்ணையார் ஒருவர் அவரிடம் போய் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சில்லை. ஆவுடையப்பர் தினமும் வீட்டிலிருந்து ஒரு பானை நல்ல தண்ணீர் கொண்டுவந்து தூணடியில் வைப்பார். தாழ்வாரம் முழுக்க அதில்தான் குடிக்கும். நான் மட்டும் கச்சேரிக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில் சொம்பை முக்கிக் குடித்தேன். அவர் பானையில் குடிப்பதைவிட அது மரியாதையாகத் தோன்றியது.

வீட்டிலும் அதே கதைதான். நானும் என் அண்ணன் நெல்லையப்பரும் பாகம் பிரிந்து பதினொரு வருஷம். அப்பா சாகும்போது சாவிக்கொத்தை அண்ணன் கையில் கொடுத்தார். நான் அப்போது அதே கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அந்த எரிச்சல் தணியாமலே வீட்டை இரண்டாக்கி நடுவில் சுவர் வைத்தோம். கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அவருக்கு. நல்ல தண்ணீர்க் கிணறு அவர் பக்கம் போயிற்று. பாகப்பத்திரத்தை நான்தான் எழுதினேன். கிணற்றில் எனக்கும் தண்ணீர் எடுக்கும் பாத்தியம் உண்டு என்ற வரியையும் எழுதி, பிறகு நானே அடித்துவிட்டேன். உங்கள் தண்ணீர் எனக்கு வேண்டாம், என் வாசலை நீங்கள் மிதிக்கவும் வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். பிறகு எங்கள் வீட்டுக்குத் தெருக்கிணற்றுத் தண்ணீர்தான். என் மனைவி கோமதி அதைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

சீமையில் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம் கார்த்திகையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. தினமும் பிற்பகலில் குளிர் நடுக்கும், பிறகு வேர்த்துக் கொட்டும். வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். வலது தோளில் வேறு வலித்தது. விலாவில் நோய் இருந்தால் தோளில் ஏன் வலிக்க வேண்டும் என்று எங்கள் தெரு வைத்தியருக்கும் புரியவில்லை. பித்தம் என்று சொல்லி மூன்று வாரம் கஷாயம் கொடுத்தார். இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு இளைத்த பிறகு, கோமதி என்னைக் கேட்காமலே ஒரு வில்வண்டி பேசி ஏற்றிவிட்டாள். பாலத்தில் வண்டி போகும்போது கீழே ஆறு கலங்கி ஓடியது. திரும்பி இதே பாலத்தில் உட்கார்ந்து வருவேனா, படுத்து வருவேனா என்று நினைத்தேன். அழுகை வந்தது. வண்டிக்காரன் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். பாதிரிமார் பேசுகிற மாதிரி இலக்கணமான தமிழ் பேசுவார். அவரைப் பார்க்கக் காலை முழுவதும் ஒரு நீள பெஞ்சில் காத்திருந்தோம். காயக்கட்டை அவிழ்த்துக்கொண்டு இருந்தவர்கள், கண்ணில் துணி கட்டினவர்கள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்த பெண்கள். ஒவ்வொருவரோடும் குறைந்தது மூன்று பேர் வந்திருந்தார்கள். என்னோடு கோமதி மட்டும்.

டாக்டர் இடது கையை என் விலாவில் பரப்பி வைத்து, வலது நடுவிரலால் அதன்மேல் தட்டிக்கொண்டே கீழே வந்தார். தேங்காய் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பது போலத்தான். சத்தம் மாறுகிற இடத்தில் மசியால் ஒரு கோடு போட்டார். கல்லீரல் அதுவரை வீங்கி இறங்கியிருக்கிறதாம். மறுநாள் தட்டியபோது கோடு ஒரு விரற்கடை கீழே போயிருந்தது. பிறகு மலத்தைப் பூதக்கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். விஷயம் இதுதான்: கெட்ட தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கிறது. அது குடலில் தங்கி, ரத்தத்தோடு கல்லீரலுக்கு ஏறி, அங்கே தசையைத் தின்று சீழ்க்கட்டியாக்கிவிடுகிறது. ஊசி போட்டுப் பார்த்து, சீழ் வந்தால் கீறி வடிக்க வேண்டும். வடிக்காவிட்டால் உள்ளேயே உடையும், உடைந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

வீட்டில் என்ன தண்ணீர் என்று டாக்டர் கேட்டார். தெருக்கிணறு என்றேன். அவர் கோமதியைப் பார்த்து, காய்ச்சாமல் கொடுத்தாயா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாய்க்கால் சொம்பைப் பற்றி எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

இப்போது பக்கத்துக் கட்டிலுக்கு வருகிறேன்.

அதில் படுத்திருந்தவன் பீர் முகம்மது, மேலப்பாளையத்து நெசவாளி, முப்பது வயதுக்குள் இருக்கும். குலசேகரன்பட்டினத்தில் தசரா பார்த்துவிட்டு வரும்போது வண்டி குடை சாய்ந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. காலின் இரு பக்கமும் மணல் மூட்டை அடுக்கி, பாதத்தில் கயிறு கட்டி, கயிற்று நுனியில் ஒரு இரும்புக் குண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவனால் ஒரு சாண் புரள முடியாது. ஆனால் காலையில் கதவு திறந்ததிலிருந்து விளக்கேற்றும் வரை அவன் கட்டிலைச் சுற்றி ஆள் இருந்தது. தறிக்காரர்கள், தறிக்கு நூல் நீட்டிப் பாவு ஓடுகிற பெண்கள், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். அவர்களோடு நின்றதா என்றால் இல்லை. முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு நாடார் பனங்கிழங்கு கொண்டுவருவார். கொக்கிரகுளத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து பேப்பர் வாசித்துக் காட்டுவார். முதல் நாள் பதினேழு பேர் வந்தார்கள். எப்படித் தெரியும் என்றால், நான் போர்வைக்குள் விரல் மடக்கி எண்ணினேன்.

என்னைப் பார்க்க யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை. பீர் முகம்மது கேட்டான், அண்ணாச்சிக்கு ஊர் தூரமோ என்று. தூரமில்லை, டாக்டர் என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் நான்தான் வரவேண்டாமென்று ஆள் அனுப்பினேன் என்றேன். பொய் சொன்ன வேகத்தில் இருமல் வந்தது. அவன் உடனே தன் ஆட்களில் ஒருவரிடம் என் நெஞ்சைத் தடவிக் கொடுக்கச் சொன்னான். அந்த மனுஷர் தடவினார். நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்துவிட்டேன். அவர்கள் கை என்மேல் பட்டதுகூட எனக்கு அவனுடைய சொத்திலிருந்து போட்ட பிச்சையாகத்தான் தோன்றியது.

அவனிடம் என்ன இருக்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். பணம் இல்லை. படிப்பு இல்லை. யாருக்கும் பெரிதாக எதுவும் செய்து கொடுத்ததாகவும் தெரியவில்லை. செய்ததெல்லாம் ஒன்றுதான், வருகிறவர்களிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தான். அந்தத் தலையணையை இங்கன தள்ளும். நாளைக்கு வரும்போது ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாரும். உம்ம மக சடங்குக்கு என்னைக் கூப்பிடலியே, ஏன்வே? நாணயமாகப் பிழைக்கிற மனுஷன் வாயில் வருகிற வார்த்தையா இது? எனக்குக் கேட்கவே கூசியது. ஆனால் எலுமிச்சம்பழம் கேட்கப்பட்டவர் மறுநாள் ஏழு பழத்தோடு வந்து நிற்பார். முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு.

ஐந்தாம் நாள் ஒரு காரியம் செய்தேன். இதை எழுதாமல் விடலாம் என்று இரண்டு தடவை தாளைக் கிழித்தேன். காலையில் நர்ஸம்மா காய்ச்சல் பார்க்க வந்தபோது, இந்தக் கூட்டத்தால் எனக்குத் தூக்கமே இல்லை, ஆஸ்பத்திரிக்குச் சட்டதிட்டம் கிடையாதா என்று புகார் சொன்னேன். என் புகார் எப்போதும் நன்றாக வாதம் அடுக்கியிருக்கும். அன்றே உத்தரவாயிற்று, அவன் கட்டிலுக்குப் பார்வையாளர் கிடையாது.

மறுநாள் வார்டு வெறிச்சோடிக் கிடந்தது. பீர் முகம்மது முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எனக்குக் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. பிறகு பிற்பகல் குளிர் வந்தது. கோமதி, நோயாளிகளோடு வந்தவர்கள் பொங்குகிற சமையல் கொட்டகைக்குப் போயிருந்தாள். பற்கள் அடித்துக்கொள்ள, போர்வை கீழே விழுந்துவிட்டது. எடுத்துப் போட ஆளில்லை. அதுவரை எனக்குக் குளிர் வரும்போதெல்லாம் அவன் ஆட்களில் யாரோ ஒருவர்தான் போர்வையை இழுத்து மூடிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. பீர் முகம்மது அசைய முடியாமல் அங்கிருந்தே கத்தினான். யாராவது வாங்க, அண்ணாச்சிக்கு விறைக்குது என்று. கம்பவுண்டர் ஓடிவரும்வரை கத்தினான். ஆட்களை விரட்டியது நான்தான் என்று அவனுக்குத் தெரியுமா என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஏழாம் நாள் நீள ஊசியை விலாவுக்குள் இறக்கிப் பார்த்தார்கள். புளி கரைத்த நிறத்தில் சீழ் வந்தது. நாளை மறுநாள் கீறுவதென்று டாக்டர் முடிவு செய்தார். எல்லாரும் பிழைப்பதில்லை என்பதையும் அந்த இலக்கணத் தமிழிலேயே சொன்னார். ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டுமானால் செய்துகொள்ளும் என்றார்.

ஏற்பாடு என்றால் எனக்குத் தெரியாதா? எங்களுக்குப் பிள்ளை இல்லை. உயில் இல்லாமல் நான் கண்ணை மூடினால் கோமதி அந்தப் பாதி வீட்டில் குடியிருக்கலாம், அவ்வளவுதான். விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அவளுக்குப் பிறகு அது அண்ணன் வீட்டாருக்குப் போய்விடும். மறுநாளே அண்ணன் சாவிக்கொத்தோடு வந்து நிற்பார், அவள் அவரிடம் கையேந்தி நிற்பாள் என்று என் புத்தி படம் பிடித்தது. சாவதைவிட அதுதான் பெரிய பயமாக இருந்தது. வீட்டை அவளுக்குச் சர்வ சுதந்திரமாக எழுதி வைத்துவிட வேண்டும்.

காகிதமும் மசியும் வாங்கிவரச் சொல்லி, தலையணையில் சாய்ந்து, காய்ச்சலோடு எழுதினேன். எழுதி முடித்து, வழக்கம்போல் அடியில் 'சாட்சிகள்' என்று போட்டு ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டேன். அங்கே பேனா நின்றுவிட்டது.

சட்டத்துக்கு வேண்டுமோ வேண்டாமோ, சாட்சியில்லாத உயில் கோர்ட்டில் நிற்காது என்பது என் இருபது வருஷ அனுபவம். கச்சேரித் தாழ்வாரத்தில் சாட்சிக்குப் பஞ்சமே கிடையாது. வெற்றிலைக்காகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாலைந்து பேர் எப்போதும் தூணில் சாய்ந்திருப்பார்கள். நான் எழுதின ஆயிரம் பத்திரத்திலும் அவர்கள்தான் சாட்சி. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து இரண்டு கேள்வி கேட்டால் அவர்கள் சாயம் வெளுத்துவிடும். எனக்கு வேண்டியது நாளைக்குக் கூண்டில் ஏறி, ஆமாம், இவர் புத்தி தெளிவோடு என் கண்ணுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டார் என்று என் அண்ணனைப் பார்த்துச் சொல்லக்கூடிய இரண்டு பேர். மனதுக்குள் தெருத்தெருவாகப் போனேன். நாற்பத்திரண்டு வயதில் எனக்காக ஒரு பகல் செலவழித்துக் கோர்ட்டுக்கு வருவார் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு ஆணின் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். அவனுக்கு நாற்பது பேர் வருவார்கள். என் வயிறு எரிந்தது கட்டியாலா அவனாலா என்று டாக்டர்கூடச் சொல்லியிருக்க முடியாது.

எதிரிலே உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த கோமதியிடம், நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நமக்கா, உங்களுக்கா?" என்றாள்.

கஞ்சியிலிருந்து தலையைத் தூக்காமல் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு யாரும் இல்லை என்பதும் அவளுக்கு இருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அரிசி பருப்பு எடுக்க வீட்டுக்குப் போய்வருகிறாளே, வண்டி யார் பேசிக் கொடுக்கிறார்கள், விறகு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதே இல்லை. சமையல் கொட்டகையில் பீர் முகம்மதுவின் மனைவியும் இவளும் அடுப்புதான் வேறே, விறகு ஒன்றாக வாங்குகிறார்களாம். கட்டின மனைவிமேலும் எனக்குப் பொறாமை வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில், யாரிடமும் எதுவும் கேட்காத வாயைத் திறந்தேன்.

"பீர் முகம்மது, எனக்கு ஒரு காரியம் செய்வியா?"

"சொல்லுங்க அண்ணாச்சி. ஏழு நாளா ஒண்ணும் கேக்க மாட்டேங்கியளேன்னு எனக்குச் சங்கடமாத்தான் இருந்துது."

விஷயத்தைச் சொன்னேன். கோர்ட்டுக்கு வரவேண்டி வந்தாலும் வரும் என்றேன். கால் கூடினதும் நடந்தே வருவேன் என்றான். கட்டில்களுக்கு நடுவே கோமதி பலகையைப் பிடித்துக்கொள்ள, நான் அவன் பார்க்கும்படி கையெழுத்திட்டேன். பிறகு அவன் படுத்தபடியே போட்டான். அவனுக்கு அரபு எழுத்தில் எழுதிய தமிழ்தான் தெரியும். நான் விட்ட இடத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, தாளின் வலது ஓரத்தில் ஆரம்பித்து, அவன் பெயர் என் பெயரை நோக்கி வந்தது. இன்னொரு சாட்சிக்குத் தன் ஆட்களில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடச் சொன்னான். வேண்டாம் என்றேன். ஒரு ஆளாவது என் ஆளாக இருக்க வேண்டும் என்ற வீம்பு அப்போதும் விடவில்லை.

அதற்குக் கோமதி வழி செய்தாள். என்னிடம் சொல்லாமல் விடியற்காலை வண்டியில் போய்விட்டாள். பத்து மணிக்கு அவளோடு வார்டுக்குள் நுழைந்தவர் ஆவுடையப்ப பிள்ளை. அவர் மனைவியும் கோமதியும் வருஷக்கணக்காகக் கோவிலில் சந்தித்துப் பேசுகிறவர்களாம். எனக்குப் புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனால் அந்தப் பக்கம்தான் கட்டி.

"என்னவே, ஆளே தேஞ்சு போயிட்டீரு" என்றார். பாய்க்குப் பாய் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும் பேச்சு நின்ற அத்தனை வருஷத்தில் என்னோடு பேசின முதல் வார்த்தை அதுதான். என் பாயைச் சுருட்டி அவர் பாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருப்பதாகவும், அந்த இடத்தில் புது ஆள் ஒருவன் உட்கார வந்தபோது விடவில்லை என்றும் சொன்னார். பிறகு உயிலை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய் வாசித்தார். சாட்சிக்கு வந்தவன் முழுதும் வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்துக்காரன் வாசிக்காமல் இருக்க மாட்டான். நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த வரியில் மெச்சுவார் என்று.

வீட்டு விவரத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது.

"நாங்கெல்லையில ஒண்ணக் காணமே, வே."

சொத்தைப் பத்திரத்தில் சொல்வது எப்படி என்று தெரியாதவர்களுக்கு: ஒரு வீட்டுக்கென்று தனியாக அடையாளம் கிடையாது. கிழக்கே இன்னார் வீடு, தெற்கே தெரு, வடக்கே இன்னார் தோட்டம், மேற்கே இன்னார் வீடு, இவற்றுக்கு நடுவே உள்ளது என்றுதான் எழுதுவோம். சுற்றி யார் யார் என்று சொன்னால்தான் அது வீடு. ஒரு எல்லை விட்டால் பத்திரம் செல்லாது என்று எத்தனையோ பேருக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். என் சொந்த உயிலில் மூன்று எல்லைதான் இருந்தது. மேற்கே என் அண்ணன் வீடு. அந்தப் பெயரை எழுதாமல் கை தாண்டிப் போயிருக்கிறது, எனக்கே தெரியாமல்.

ஊசி இறங்கியபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. அதுவும் ஆவுடையப்பர் கண்டுபிடிக்க வேண்டுமா! காய்ச்சலின் மேல் பழியைப் போட்டேன். அவர் பேனாவை மசியில் தோய்த்து நீட்டினார். நான் வாங்கவில்லை. அந்த ஆள் பெயர் இல்லாமல் எழுத வழியில்லையா என்று கோமதியைப் பார்த்துக் கேட்டேன். அவள் என்ன செய்வாள் என்று அவளைக் கேட்டேனோ தெரியாது.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. தெருக்கெணத்துத் தண்ணி ஒரு நாளும் நம்ம வீட்டுக்குள்ள வந்ததில்ல. பதினோரு வருசமா நீங்க குடிச்சது அத்தான் வீட்டுக் கெணத்துத் தண்ணி. சுவத்துக்கு அங்கன இருந்து அவுகதான் எறச்சுக் குடுப்பாக."

அவள் அத்தான் என்றது என் அண்ணனை. டாக்டர் அவளைக் கடிந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் எந்தக் கிணறு என்று கேள்வி வரும், நீங்கள் கட்டிலைவிட்டு எழுந்து போய்விடுவீர்கள் என்றாள். அப்படியானால் நான் நோயை முக்கிக் குடித்தது கச்சேரி வாய்க்காலில்தான். ஆவுடையப்பர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பீர் முகம்மது கண்ணை மூடியிருந்தான், நான் மூடுவேனே, அதே மாதிரி.

பேனாவை வாங்கி எழுதினேன். மேற்கே என் தமையனார் நெல்லையப்ப பிள்ளை வீடு. பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை எழுதினேன். அந்தத் திருத்தத்துக்கும் எல்லாரும் பார்க்கக் கையெழுத்திட்டேன். ஆவுடையப்பர் இரண்டாம் சாட்சியாகக் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை கீறினார்கள். மூக்கின்மேல் ஒரு துணிக் கூம்பை வைத்துக் குளோரபாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். தித்திப்பாக ஒரு மணம், தொண்டையில் ஒரு அடைப்பு. ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்கள். பதினாலு வரை எண்ணினது ஞாபகம். உயிர் எங்கே போகிறது என்று கேட்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: எங்கும் போவதில்லை, பதினாலுக்குப் பிறகு பதினைந்து வருவதில்லை, கண் விழித்தால் வாந்தி வருகிறது. விலா எலும்புக்கு நடுவே கீறி, இரண்டு சொம்புச் சீழ் எடுத்து, ரப்பர் குழாய் ஒன்றை வைத்துச் சுற்றிலும் தைத்திருந்தார்கள். அந்தக் குழாய் வழியாக மூன்று வாரம் வடிந்தது. தினமும் கட்டு மாற்றும்போது கார்பாலிக் மருந்து வாடையும் என் வாடையும் சேர்ந்து எனக்கே குமட்டும். கோமதி ஒருநாள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அந்த மூன்று வாரத்தில் பீர் முகம்மதுவுக்கு இரண்டிரண்டு பேராக வரலாம் என்று அனுமதி கிடைத்தது. நர்ஸம்மாவிடம் வாதாடியவன் நான். எனக்கும் ஆள் வந்தது. ஆவுடையப்பர் வாரம் ஒருமுறை வந்து கச்சேரி வம்பெல்லாம் சொல்வார். பீர் முகம்மதுவைப் பார்த்து நானும் கேட்கப் பழகினேன். ஆவுடையப்பரிடம் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. இரண்டே பழம்தான் கொண்டுவந்தார். அவனுக்கு ஏழு, எனக்கு இரண்டா என்று மனம் எண்ணத்தான் செய்தது.

அண்ணன் மட்டும் வரவில்லை. என் வாசலை மிதிக்க வேண்டாம் என்று நான் சொன்னது ஆஸ்பத்திரி வாசலுக்கும் சேரும் என்று நினைத்தாரோ, அல்லது அவருக்கு மனம் இல்லையோ. ஒவ்வொரு நாளும் கதவு திறக்கும்போது பார்த்தேன் என்பதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

தையில் வீடு திரும்பினேன். பாலத்தில் உட்கார்ந்துதான் வந்தேன். மறுநாள் காலை கோமதி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், நாற்பத்தோரு நாள் தூக்கம். நான் எழுந்து பைய நடந்து வீட்டின் மேற்குச் சுவருக்குப் போனேன். எத்தனை வீட்டுக்கு மேற்கெல்லை எழுதியிருக்கிறேன், என் வீட்டு மேற்கெல்லையை நான் போய்ப் பார்த்ததில்லை. சுவர் வைத்த நாளிலிருந்து அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன் என்று இருந்தேன். பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், ஒரு குடம் போகிற அளவுக்குச் சுவரில் ஐந்தாறு செங்கல் எடுத்திருந்தது. அடிப்பாகம் குடம் உரசி உரசி வழவழவென்று பள்ளமாகியிருந்தது.

அந்தப் பக்கம் கிணற்று ராட்டினம் சுற்றும் சத்தம் கேட்டது. காலிக் குடம் ஒன்று அங்கேயே இருந்தது. எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தேன். ராட்டினம் நின்றது.

"என்ன கோமதி, அதுக்குள்ள எந்திச்சிட்டியா?" என்றது அண்ணன் குரல்.

அவளிடம் பேசுகிற குரல் அவ்வளவு இதமாக இருந்தது. பதினொரு வருஷமும் தினமும் காலையில் இந்த இதம் இந்தச் சுவர் வழியாக வந்திருக்கிறது, எனக்கல்ல. என் அண்ணன், என் மனைவி, என் சுவர். நான் இல்லாமல் எல்லாம் நன்றாகவே நடந்திருக்கிறது. குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு எலுமிச்சம்பழம் கேட்ட மாதிரியே, வேர்த்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணே, ஒரு கொடம் தண்ணி."

அந்தப் பக்கம் வாளி கிணற்றுக் கட்டையில் வைக்கப்பட்டது. குடம் இங்கிருந்து உள்ளே இழுபட்டது. தண்ணீர் நிறைகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது அது. பிறகு குடம் பள்ளத்தில் சறுக்கி வந்தது, முக்கால் குடம்தான், முழுக்குடமல்ல. இரண்டு கையாலும் பிடித்தேன்.

"ஏலே சங்கரா, எடது பக்கமா வச்சுத் தூக்கு. வலது பக்கம் தையல்."